போட்டு வாறன்

குருப்பட்டம் பெற்றதும் என்னைக் கொழும்புப் பேராலயத்தில்தான் வைத்தார்கள். ஓகன் வாத்தியம், பாடகர் குழு, இஸ்திரி போட்ட அங்கி என்று சந்தோஷமாக இருந்தேன். பிறகு, "தமிழ் தெரிந்த ஆள் வேறு இல்லை, கொஞ்சக் காலம்தான்" என்று ஆயர் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார். அந்தக் கொஞ்சக் காலம் முடியவே இல்லை. எங்கள் திருச்சபையில் குருமார் கலியாணம் கட்டலாம்; மனைவி கொழும்பில் ஆசிரியை, மகளும் அவளோடு. நான் பெரிய குருமனையில் ஒற்றை ஆளாகப் பாணும் சம்பலும் சாப்பிட்டுக் கிடந்தேன்.

சபையில் பாதிப் பேர் கனடாவில். மிச்சப் பேரை நான் அடக்கம் செய்துகொண்டிருந்தேன். நல்ல சனங்கள்தான். ஆனால் ஞாயிறுதோறும் ஆசீர்வாதம் சொல்லும்போது, யாரோ வெளியிலிருந்து கதவைப் பூட்டுவதுபோல் எனக்கு இருக்கும்.

ஒருவழியாக இடமாற்றம் வந்தது, பேராலயத்துக்கே. பிரியாவிடை ஆராதனையில் மாலை போட்டார்கள். பீடத்தில் நின்று, பழக்கதோஷத்தில், "சரி, போட்டு வாறன்" என்றேன்; போய்விட்டு வருகிறேன் என்று அர்த்தம். எங்கள் பக்கம் யாரும் "போறன்" என்று சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லை. அது அபசகுனம். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பிறந்த எனக்கு வேறு எப்படி வாய் வரும்?

"ஓம் பாதர், வாங்கோ," என்றார் சபைச் செயலாளர். ஓய்வுபெற்ற வழக்கறிஞர். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

நான் கொழும்பு வந்து சேர்ந்த பிறகும், எனக்குப் பதிலாக ஒருவரும் வடக்கே போகச் சம்மதிக்கவில்லை. செயலாளர் வான் வண்டி பிடித்து, சனத்தோடு ஆயரிடம் வந்துவிட்டார். ஆயர் சிங்களவர். அவரிடம் ஆங்கிலத்தில், சொல்லுக்குச் சொல் பெயர்த்து, "திரும்பி வருவதாகப் பீடத்தில் நின்று சொன்னார்" என்றிருக்கிறார். ஆயர் உருகிப்போனார். அது வெறுமனே விடைபெறும் சொல் என்று நான் எவ்வளவோ விளக்கினேன். தன்னடக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டு, மறுபடி யாழ்ப்பாணத்துக்கே எழுதிவிட்டார்.

கோபத்தோடு செயலாளருக்குப் போன் எடுத்தேன். "என்னண்ணை, இப்பிடிச் செய்துபோட்டியள்?"

"நீங்கள் சொன்னதைத்தானே சொன்னனான், பாதர்," என்றார். பிறகு குரல் இறங்கியது. "எங்களை ஆர் அடக்கம் செய்யிறது?"

அந்தக் கேள்விதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்துக்கு மனைவி வந்தாள். அவளும் யாழ்ப்பாணம்தான், தெல்லிப்பழைக்காரி. எத்தனை சண்டை போட்டிருந்தாலும், "போட்டு வாங்கோ" என்றுதான் என்னை வழியனுப்புவாள். அன்று பையை மட்டும் தந்தாள். ரயில் அசைந்ததும் யன்னலால் தலையை நீட்டி, "போட்டு வாறன்" என்றேன்.

"போங்கோ," என்றாள்.