ஓரத்தில் நின்ற ரெஜினா

செவ்வாய்க்கிழமை காலை ரெஜினாவின் தம்பி சேவியர் போனில் அழைத்தார். "அண்ணே, அக்கா தவறிட்டாங்க. மாரடைப்பு." கூடவே, "பெட்டி பக்கத்துல வைக்க நல்ல போட்டோ ஒன்னும் இல்லண்ணே. உங்ககிட்ட இருக்கா?" என்றார். பினாங்கில் எத்தனையோ கல்யாணங்களைப் படமெடுத்தவருக்குச் சொந்தப் படம் இல்லை.

புக்கிட் தெங்கா தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு நான் ரெஜினாவோடு படமெடுக்கச் சேர்ந்தேன். என்னைவிட ஆறு வயது இளையவர், தொழிலில் எனக்கு மூத்தவர். என்னை அண்ணே என்பார். நான் தப்பு செய்தால் மட்டும் பெயர் சொல்வார்.

முதல் மாதமே பெயர் சொல்ல வைத்தேன். டத்தோ கிராமாட்டில் ஒரு பிளாட் வீட்டில் நலங்கு. ரெஜினா எப்போதும் குடும்பப் படம் எடுக்கும் லென்ஸை வாங்கி என் கேமராவில் மாட்டினேன். முதுகு சுவரில் முட்டியும் எல்லோரும் படத்துக்குள் அடங்கவில்லை. மணப்பெண்ணின் அத்தை ஓரத்தில் நின்றார்; படத்தில் பாதிதான் விழுந்தார். அவசரத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை.

ஆல்பம் போன மறுநாள் அத்தை கடைக்கே வந்துவிட்டார். "அண்ணன் பொண்ணு நலங்குல என்னைய வெட்டச் சொன்னது யாரு? அண்ணிதானே?"

"யாரும் சொல்லல அத்தை. லென்ஸ் என்னோடது, தப்பும் என்னோடது," என்றார் ரெஜினா.

அத்தை போனதும் என் பக்கம் திரும்பினார். "மைக்கேல், லென்ஸ் படத்தை வட்டமா தோசை மாதிரி ஊத்துது. அதைப் பிடிக்கிற சென்சார் என் கேமராவுல பெரிய தட்டு, உங்களோடது சின்னது. தோசை அதேதான் லா. ஓரம் வெளிய தொங்கிரும்."

"ஆனா ஆளுங்க பெருசா தெரியிறாங்களே," என்றேன்.

"லென்ஸ் பெருசாக்கல. சென்சார் நடுவை மட்டும் எடுத்துக்குது. அதை படம் முழுக்க விரிச்சா பெருசாத்தான் தெரியும். சின்ன ரூமுக்கு இன்னும் அகலமான லென்ஸ் போடுங்க."

போன வருடம் கெப்பாலா பத்தாஸில் ஒரு கல்யாணம். மணப்பெண் விடாப்பிடியாக ரெஜினாவையும் குடும்பப் படத்துக்கு இழுத்தார். ரெஜினா தன் கேமராவை என் கையில் திணித்து, "உங்களோடதுல எடுக்காதீங்கண்ணே," என்று சொல்லிவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

சேவியருக்காக அந்தப் படத்தைத்தான் தேடி எடுத்தேன். அதே இடத்தில், அதே லென்ஸில், என் கேமராவாக இருந்தால் எல்லை எங்கே விழும் என்று கணினியில் கோடு போட்டுப் பார்த்தேன். ரெஜினாவுக்குப் பக்கத்தில் நின்றவரின் தோளோடு படம் முடிந்துவிடுகிறது.

பிறகு மணமக்களை வெட்டினேன், மாமன் மச்சான் எல்லோரையும் வெட்டினேன். இப்போது படத்தில் நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள், ரெஜினா. போய் வாருங்கள்.