கைருன்னிஸாவின் வெள்ளிக்கிழமைச் சண்டை

கல்முனைக்குடியில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் கைருன்னிஸாவின் வீடு இருக்கிறது. விலாசம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆட்கள் சோற்றுக்கு உட்காரும் நேரத்தில் அந்தப் பக்கம் போனால் சத்தமே ஆளைக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டுவிடும். தாயும் மகனும் அரசியல் கதைக்கிற சத்தம் அது. புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் தடவை பயந்துபோய் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்கள். பிறகு பழகிவிடும். கடல் இரைகிற ஊரில் இன்னொரு இரைச்சல், அவ்வளவுதான்.

கைருன்னிஸா இடியப்பம் அவித்து ஹோட்டல்களுக்குக் கொடுத்துச் சீவிக்கிறவள். கணவர் மௌத்தாகிப் பல வருடங்களாகின்றன. ஏணிக் கட்சி தொடங்கிய காலத்தில் சுவரொட்டிக்குப் பசை காய்ச்சிய மனிதர் அவர். அந்தப் பசை கொதித்தது இவளுடைய அடுப்பில். ஊர் பயந்து ஒடுங்கிக் கிடந்த நாட்களில், நமக்கும் பேச ஓர் ஆள் உண்டு என்று நெஞ்சை நிமிர்த்த வைத்தது அந்தக் கட்சிதான் என்பாள். அதனால் தேர்தல் வந்துவிட்டால் அவளைப் பிடிக்க முடியாது. இடியப்ப மா ஒட்டிய கையோடு வீடு வீடாக ஏறி இறங்குவாள். கதவைத் திறக்காத வீடென்றால் ஜன்னலால் பேசுவாள்.

இந்தக் கரையோரத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். பெண்பிள்ளை பெற்றவர்கள் கடனோ உடனோ பட்டு வீடு கட்டிக் கொடுத்து மருமகனைக் கொண்டுவந்து வைத்துக்கொள்வார்கள். ஆண்பிள்ளை மட்டும் பெற்றவர்கள் வாசல்வரை வந்து கையைக் காட்டிவிட்டு, வெறும் வீட்டுக்குள் திரும்பிப் போவார்கள். கைருன்னிஸாவுக்கு ஒரே பிள்ளை, அதுவும் ஆண். பெயர் நிப்றாஸ். நீர்ப்பம்பி திருத்துகிற வேலை. அவன் இறக்காமத்தில் வேளாண்மை செய்கிற ஒரு குடும்பத்தில் றுஸ்தா என்ற பெண்ணை முடித்துக்கொண்டு போனான். ஒரு வருடம் ஆகவில்லை, குடைக் கட்சிக்காரனாகத் திரும்பி வந்து நின்றான்.

ஒழுங்கைப் பெண்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்னகா கைருன்னிஸா, மாப்பிள்ளைய எடுப்பாங்க எண்டு பார்த்தா, வோட்டையும் சேர்த்து எடுத்துட்டாங்களே!" என்றார்கள்.

ஆனால் உள்ளதைச் சொன்னால், அந்தச் சண்டையில் அவளுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. வாரம் முழுக்க இடியப்ப உரலைப் பிழிந்துகொண்டே மகனை மடக்க என்ன கேட்கலாம் என்று யோசிப்பாள். வானொலியில் செய்தி போனால் அடுப்பைக் குறைத்துவிட்டுக் காதைக் கொடுப்பாள். வெள்ளிக்கிழமை நிப்றாஸின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் அவளுக்குப் பத்து வயது குறைந்துவிடும். "குடைக்காரன் வந்துட்டாரு, பாய விரிங்க" என்று யாருமில்லாத வீட்டுக்குள் திரும்பிச் சொல்வாள். சூரைமீன் ஆணத்தில் நல்ல துண்டாகப் பார்த்து அவன் கோப்பையில் போட்டுவிட்டு, போட்ட கையாலேயே அவன் தலைவரை வாங்கு வாங்கென்று வாங்குவாள். அவனும் மீனைத் தின்றுகொண்டே திருப்பிக் கொடுப்பான். றுஸ்தா ஒன்றும் பேசாமல் இருவருக்கும் தண்ணீர் ஊற்றுவாள்.

எல்லாம் ஒருநாள் யானையில் வந்து முட்டியது.

"உங்கட ஏணி ஒவ்வொரு தேர்தலுக்கும் எங்கட வயல் வட்டைக்கு யானை வேலி போடுறன் எண்டு சொல்லுது. ஒரு கம்பியாவது வந்திச்சா உம்மா?"

"உன்ட குடை என்னத்தக் கிழிச்சது?"

"அத விடுங்க. வேலி எங்க?"

"யானை என்ன, கல்முனை பஸ்ஸா நேரத்துக்கு நேரம் வாறதுக்கு? எப்பயாவது ஒண்டு வழிதப்பி வரும். ரெண்டு வெடி போட்டா ஓடிரும். அதுக்காக வாப்பாட கட்சிய விட்டுட்டுப் போவியா?"

கடற்கரையில் பிறந்து கடற்கரையிலேயே வாழ்கிறவள் யானையைப் பற்றி வேறு எப்படிப் பேசுவாள்? கடல் வீட்டுக்குள் வந்ததை அவள் கண்டிருக்கிறாள். யானையைத் தொலைக்காட்சியில்தான் கண்டிருக்கிறாள்.

"உம்மா, ஒருநாளைக்கு அங்க வந்து பாத்துட்டுக் கதைங்க."

"எனக்குப் பார்க்கத் தேவல்ல. உன்ன யானை மாத்தல்ல மகன். மாமியார் ஊட்டுச் சோறுதான் மாத்தினது!"

சொல் வெளியே விழுந்த பிறகுதான் றுஸ்தா தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நிற்பதை அவள் கண்டாள். அந்தப் பிள்ளை செம்பை மெல்ல வைத்துவிட்டு குசினிக்குள் போனது. நிப்றாஸ் பாதிச் சோற்றில் கையைக் கழுவினான்.

அன்று பின்னேரம் அடுத்த வீட்டு அம்ஹா வந்து புத்தி சொன்னாள். "ராத்தா, இந்த அரசியலால உங்களுக்கு என்ன கிடைச்ச? அவனும் மாறப் போறல்ல, நீங்களும் மாறப் போறல்ல. இருக்கிறது ஒரு புள்ள. வாயப் பொத்திட்டு சோத்தப் போட்டு அனுப்புங்களன்."

நியாயமான பேச்சாகத்தான் பட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை கைருன்னிஸா பாயை விரித்த கையோடு அறிவித்துவிட்டாள்: "இண்டையிலருந்து இந்த ஊட்டுக்குள்ள அரசியல் கதைக்கக் கூடா. ஆர் தொடங்கினாலும் எனக்குக் கெட்ட கோவம் வரும்."

நிப்றாஸ் தலையாட்டினான். றுஸ்தாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று அவளுக்கு நினைவு இருந்தது. ஆனால் அதைக் கேட்கப் போனால் பழைய கதை கிளம்பும், கிளம்பினால் அரசியல் வரும். ஆகவே அதையும் விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளை என்னவென்று சொல்வது? ஒழுங்கையே அமைதியாகிவிட்டது.

"அங்க மழையா மகன்?"

"ஓம் உம்மா."

"வேளாண்ம எப்படி?"

நிப்றாஸ் வாயைத் திறந்தான். றுஸ்தாவைப் பார்த்தான். "இரிக்கி உம்மா, அல்லாட காவல்" என்று முடித்துக்கொண்டான். பிறகு தொலைபேசியைப் பார்த்தான். மீன் நல்ல மீனா என்று கேட்டால் நல்ல மீன் என்பான். ஓமும் இல்லையும் தவிர அந்தப் பாயில் ஒரு பேச்சு இல்லை. சோறு முடிந்ததும் "வாறம் உம்மா" என்று எழும்பிவிடுவான். முன்பெல்லாம் பின்னேரம் அஸர் தொழுகைவரை இருந்து கத்திவிட்டுப் போகிறவன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வரவில்லை. வேலை கூடிப்போச்சு என்றான். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் வரவில்லை. தொலைபேசியில் குரல் தூக்கக் கலக்கமாக இருந்தது, இரண்டு பேச்சுக்கு மேல் நீளவில்லை. சூரைமீன் ஆணம் சட்டியோடு ஆறிக் கிடக்க, கைருன்னிஸா பாயில் தனியே உட்கார்ந்து அழுதாள். வாயைப் பொத்தினால் பிள்ளை கைக்குள் நிற்பான் என்று நினைத்தாளே, இப்போது பிள்ளையே கைநழுவிப் போகிறானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அம்ஹா மீதும் கோபம் வந்தது. தன்மீது அதைவிடக் கோபம் வந்தது.

மறுநாள் காலை இடியப்பத்தைக் கொடுத்து முடித்ததும் அவள் சும்மா இருக்கவில்லை. சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாது என்பதால் வட்டலப்பம் அவித்து எடுத்துக்கொண்டாள். அம்பாறை பஸ் ஏறி, வழியில் இறங்கி, ஓட்டோ பிடித்து இறக்காமம் போய்ச் சேர்ந்தாள். போகிற வழியெல்லாம் குடைக் கட்சியைப் பற்றி மிக மோசமான ஒரு கேள்வியைத் தயார்பண்ணி வைத்திருந்தாள். சமாதானத்தால் போன பிள்ளையைச் சண்டையால் திருப்பிக் கொண்டுவருகிற எண்ணம்.

றுஸ்தாவின் தாய் ஸுஹைறா வாசலுக்கு ஓடிவந்தாள். "வாங்க ராத்தா, வாங்க! சொல்லாம கொள்ளாம வந்திருக்கீங்க!"

"மகன் எங்க?"

"உள்ளுக்குப் படுத்திருக்கார்."

"பட்டப்பகல், லுஹர் நேரத்தில படுக்கையா? மாப்பிள்ளைமாரு இப்பிடித்தானா உங்கட ஊரில?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனவள் அறை வாசலில் நின்றுவிட்டாள். நிப்றாஸ் அடித்துப்போட்டது மாதிரித் தூங்கினான். கால் நெடுக முள்ளுக் கிழித்த காயம். ஒரு குதிகாலில் துணிக்கட்டு.

"உங்களுக்குத் தெரியாதா ராத்தா?" ஸுஹைறாவின் குரல் இறங்கிவிட்டது. "கதிர் முத்தத் தொடங்கின நாளிலருந்து யானை. றுஸ்தாட வாப்பாவுக்கு நெஞ்சு வருத்தம் எண்டு, வயல் பரணில ராக்காவலுக்கு மருமகன்தான் போறார். விடிஞ்சு வந்துதான் படுக்கிற. போன கிழமை ஒண்டு வெடிக்கும் பயப்படாமத் திரும்பி வந்து துரத்தியிருக்கி. வாய்க்காலுக்குள்ள பாஞ்சதால உசிரு மிஞ்சின."

கைருன்னிஸா நாட்களை எண்ணிப் பார்த்தாள். போன கிழமை என்றால், அவன் முதல் தடவை சோற்றுக்கு வராமல் விட்ட கிழமை. கட்டிலில் உட்கார்ந்து அவனை உலுப்பி எழுப்பினாள்.

"ஏன்டா எனக்குச் சொல்லல்ல? பெத்தவள்தானேடா நான்?"

நிப்றாஸ் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பி உட்கார்ந்தான். "அரசியல் கதைக்கக் கூடா எண்டு நீங்கதானே உம்மா சொன்ன."

"யானை அரசியலாடா?"

"யானைய எடுத்தா வேலி வரும். வேலிய எடுத்தா ஏணி வரும். அதுக்குப் புறகு நீங்க றுஸ்தாவப் பேசுவீங்க. என்னத்துக்கு எண்டு விட்டுட்டன்."

அவள் தயார்பண்ணிக் கொண்டுவந்த கேள்வி எங்கே போனதென்று தெரியவில்லை. பிள்ளையின் தலையை இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, சம்பந்தி வீடென்றும் பாராமல் வாய்விட்டு அழுதாள். பிறகு எழுந்து குசினிக்குப் போய் றுஸ்தாவின் கையைப் பிடித்தாள். "மகள், அண்டைக்கு நான் சொன்னது பெரிய பிழை. என்ட புள்ளைக்குச் சோறு போட்ட ஊட்ட நான் அப்பிடிப் பேசியிருக்கக் கூடா. மனசில வெச்சிக்காத." றுஸ்தா, "இல்ல மாமி, இல்ல மாமி" என்று சொல்லிச் சொல்லியே அழுதாள்.

வெயில் தாழ்ந்ததும் நிப்றாஸ் அவளை வட்டைக்குக் கூட்டிப்போனான். விளைந்த நெல் சேற்றோடு சேறாய் மிதிபட்டுக் கிடந்தது. ஒரு காலடியில் அவளுடைய சுளகைக் கவிழ்த்து வைக்கலாம். மகன் பாய்ந்த வாய்க்காலையும் அந்தக் காலடியையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவில் இடமே இல்லை.

"உன்ட குடைக்காரன் இத வந்து பாத்தானா?" என்று கேட்டாள்.

"வந்தார். படம் புடிச்சிட்டுப் போனார்."

"பாத்தியா!"

"உங்கட ஆள் படம் புடிக்கக்கூட வரல்லியே உம்மா."

அதற்குத் தன்னிடம் பதில் இல்லை என்பதை அவளே வாய்விட்டுச் சொன்னாள். இத்தனை வருடச் சண்டையில் அது நடந்தது அன்றுதான் முதல் தடவை. பிறகு, "சரி, என்ட கட்சிக்காரனட்ட நான் கேக்கிறன். உன்ட கட்சிக்காரனட்ட நீ கேள்" என்றாள்.

கேட்டாள். ஏணிக் கட்சியின் பெண்கள் கூட்டம் கல்முனைக்குடியில் ஒரு வீட்டு முற்றத்தில் நடந்தபோது, அமைப்பாளர் இன்பாஸ் சாதனைகளைச் சொல்லிக்கொண்டு வருகையில் எழுந்து நின்றாள். "தம்பி, இறக்காமத்து யானை வேலி எங்க?"

பின்னாலிருந்து யாரோ, "மகன்ட கட்சிக்குக் கதைக்க வந்திட்டா" என்றார்கள்.

"மகன்ட கட்சிக்கு இல்ல, மகனுக்குக் கதைக்கிறன்" என்று கைருன்னிஸா திரும்பினாள். "குடைக்குப் போடச் சொல்லி அவன் வெள்ளிக்கு வெள்ளி என்ட ஊட்டில கத்துறான். நான் போட்டதும் இல்ல, போடப் போறதும் இல்ல. ஆனா அவன் கத்தினதில இந்தக் கதை உண்மை. நான் என்ட ரெண்டு கண்ணாலயும் பாத்துட்டு வந்திருக்கன்."

இன்பாஸ் வந்து பார்ப்பதாகச் சொன்னான். சொன்னதோடு விட்டுவிடாமல் இவள் தினமும் அவனைத் தொலைபேசியில் பிடித்ததால் வந்தும் பார்த்தான். அதே கிழமை நிப்றாஸ் தன் கட்சிக் கூட்டத்தில், "படம் புடிச்ச ஆள் எங்க? கல்முனையில என்ட உம்மா கேக்கிறா" என்று எழும்பிவிட்டான். எதிர்க்கட்சிக்காரன் கேட்டால் இரண்டு பக்கத்துக்கும் சமாளிக்கத் தெரியும். சொந்த ஆட்கள் கேட்டதுதான் அவர்களைத் திணறடித்தது.

அடுத்த போகத்துக்குள் குளக்கட்டிலிருந்து வாய்க்கால்வரை வேலி வந்துவிட்டது. மீதி இன்னும் வரவில்லை. வந்த பாதியைக் கொண்டுவந்தது ஏணியா குடையா என்பதில் வெள்ளிக்கிழமைப் பாயில் பெரிய யுத்தம். றுஸ்தாவும் இப்போது வாய் திறக்கிறாள். "மாமி, ரெண்டு பேரும் பாதிதான் போட்டிருக்காங்க. பாதிக்கு என்ன பெரும?" என்று அவள் கேட்ட அன்று, இருவரும் சேர்ந்து அவளை எதிர்த்தார்கள்.

தேர்தலில் தாய் ஏணிக்குத்தான் போட்டாள். மகன் குடைக்குத்தான் போட்டான். கத்தி என்ன கண்டீர்கள் என்று அம்ஹா இன்னமும் கேட்கத்தான் செய்கிறாள். அவளுக்குச் சொல்லி விளங்கப்படுத்தக் கைருன்னிஸாவுக்கு நேரமில்லை.

வேலி வராத பக்கத்துக்கு நிப்றாஸ் இன்னும் காவலுக்குப் போகிறான். விடியற்காலை ஸுப்ஹு தொழுதுவிட்டு இடியப்பத் தட்டுகளை அடுப்பில் ஏற்றும் நேரத்தில் கைருன்னிஸாவின் தொலைபேசி அடிக்கும்.

"உம்மா, பரணிலருந்து இறங்கிட்டன்."

"அல்ஹம்துலில்லாஹ்."

அந்தப் பக்கம் அவன் மூச்சு வாங்குவதை அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"நேத்து ரேடியோவில உன்ட தலைவர் சொன்னதக் கேட்டியா மகன்?"

"கேட்டன். அதில என்ன பிழை?"

"என்ன பிழையா? அப்பிடியே இரு, அடுப்பக் குறைச்சிட்டு வாறன்."