மதினி பக்கத்து இரும்பு வட்டு

என் சமையலறையில் மாவுப் பானையின் மூடிமேல் ஓர் இரும்பு வட்டு இருக்கிறது. உள்ளங்கை அகலம், நடுவில் துளை, ஓரத்தில் கிரீஸ் கறை. வைகாசி வெக்கையில் மாவு பொங்கி மூடியைத் தள்ளினாலும் அது அசையாது. எங்கள் பிக்கப் வண்டியில் மதினிக்காகப் போட்ட வட்டு அது.

மதினி என் வீட்டுக்காரரின் அக்கா. என் வீட்டுக்காரர் தவறிய பிறகு எங்கள் இருவருக்கும் ஒரே பிழைப்புதான். வங்காளத்தில், எங்கள் டாலிகஞ்ச் வீட்டில் நான் இட்லி அவித்துச் சாம்பார் வைப்பேன்; கிடர்பூர் துறைமுகத்துக் கேன்டீனுக்கு மதினி வண்டி ஓட்டிக் கொண்டுபோவார். நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு. போலீஸ்காரரையே ‘என்ன தாதா, சௌக்கியமா’ என்று அண்ணன் முறை வைத்து விசாரித்துவிட்டுப் போகிறவர். நானோ பால்காரரிடம்கூடக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவேன்.

வண்டி பழையதாக வாங்கியது. முன்பு வைத்திருந்தவர் செங்கல் ஏற்றுவதற்காகப் பின்பக்க ஸ்பிரிங் வில்லில் பட்டை கூட்டித் தூக்கிவிட்டிருந்தார். செங்கல் கனத்துக்குப் பணிந்த அந்தப் பட்டை, எங்கள் இட்லிக்குப் பணியவில்லை. வண்டி மூக்கைக் குத்திக்கொண்டே போகும். சாம்பார் குண்டான்கள் முன்னால் சாய்ந்து வழியும். மழையில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர் நின்றால் குனிந்த மூக்குக்குள்தான் முதலில் ஏறும். இன்னொரு தடவை சாம்பார் பாதியாக வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று கேன்டீன் மேனேஜர் சொல்லிவிட்டார்.

முன்பக்கத்தைப் பின்பக்கத்தின் உயரத்துக்கு ஏற்றி, பெரிய டயரும் போட்டுவிடுவது என்று மதினி முடிவு செய்தார். வண்டி பழுது பார்க்கும் கிடர்பூர் மிஸ்திரி முன்சக்கர வில்களின் மேல் இரும்பு வட்டுகளைச் செருகினார். புது டயர் முழுதாகத் திருப்பும்போது மட்கார்டில் உரசியது. அந்த விளிம்பை வெட்டி மடக்கினார். பிறகு பின்னால் குண்டான்களை ஏற்றித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். தண்ணீர் விளிம்போடு விளிம்பாக நின்றது. மிஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆண்கள் தலையாட்டினார்கள்.

மதினி ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். பின்னால் குண்டானோடு இருந்த நான் பார்த்தேன்: தண்ணீர் மெல்ல முன்னால், வலப்பக்கமாகச் சாய்ந்தது. இத்தனை ஆண்களுக்கு நடுவில் அதை எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் நாளைக்குச் சாம்பார் வழியும், பிழைப்பு போகும். கண்ணை மூடிக்கொண்டு கத்திவிட்டேன்.

“மதினி, எறங்குங்க!”

“என்னட்டி, பாம்பா?”

“நீங்க எறங்குனா தண்ணி நேரா நிக்கி. ஏறுனா சாயுது. உங்க கனத்தையும் சேத்துல்லா பாக்கணும்.”

தமிழ் தெரியாத மிஸ்திரி, “கீ போல்சேன் பௌதி?” என்று என்னைக் கேட்டார்; ‘என்ன சொல்கிறீர்கள் அண்ணி’ என்று அர்த்தம். நான் என்ன சொல்கிறேன் என்பதை மதினியே வங்காளத்தில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். சொல்லிவிட்டு வண்டி குலுங்கச் சிரித்தார். என்னிடம், “இத்தன சரக்க ஏத்திப் பாத்தாரு, ஓட்டுதவள ஏத்தலியே!” என்றார்.

மதினியை உட்காரவைத்தே அளந்து, வலப்பக்கம் மட்டும் இன்னொரு வட்டு போட்டார் மிஸ்திரி. அந்த ஆண்டு மழைக்கு எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. எங்கள் சாம்பார் குறையாமல் போய்ச் சேர்ந்தது. “எங்க தம்பி பொண்டாட்டி பேச மாட்டா. பேசுனா வண்டியே நிமுந்துரும்” என்று மதினி போகிற இடமெல்லாம் சொன்னார்.

மதினி போன வருடம் காலமானார். இப்போது ஓட்டுகிறவர் ஒல்லி. முதல் நாளே சாம்பார் இடப்பக்கம் சாய்ந்தது. நானே மிஸ்திரியிடம் போனேன். எதற்குப் பின்னாலும் நிற்கவில்லை. நேரே அவர் முன்னால் நின்று, “தாதா, வலப்பக்கம் கூட்டிப் போட்ட வட்டைக் கழற்றுங்கள்” என்று எனக்குத் தெரிந்த வங்காளத்தில் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கழற்றித் துணியால் துடைத்து, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார்.

நேற்று நல்ல மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். நானும் வண்டியில் கூடப் போனேன். பெரிய டயர்கள் அதைக் கிழித்துக்கொண்டு போக, குண்டானில் சாம்பார் நேராக நின்றது. திரும்பி வந்து சமையலறையில் பார்த்தேன். மாவு பொங்கியிருந்தது. மூடிமேல் மதினி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.