உள்ளங்கைக்கு எத்தனை மில்லி

"…குடிக்கிறதா அது? உப்பு பாக்கறதுக்கும் குடிக்கறதுக்கும் வித்தியாசம் தெரியாதவளா நீ? உள்ளங்கையில ரெண்டு சொட்டு வுட்டு நாக்குல வெச்சா, அதுக்குமா கணக்கு?" என்றார் அண்ணி. ஒரு கையில் கரண்டி. இன்னொரு கையை, இப்போதுதான் நக்கிய கையை, புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணி என்பது என் வீட்டுக்காரரின் அக்கா. எங்கள் பக்கத்தில் நாத்தனாரை அப்படித்தான் கூப்பிடுவோம். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரமாக, ஒரு புளியமரத்தடியில் மோர் விற்றுக்கொண்டிருந்தார். நாங்கள் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் டீக்கடை போட்டிருந்தோம். இது தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு வெயில் காலத்தில் நடந்தது. அன்றைக்கு நான் அவர் எதிரில் குந்தியிருந்ததற்குக் காரணம் அவருடைய கால். அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மாசி முடியும்போதே கால் வீங்கத் தொடங்கிவிட்டது. அண்ணி அதைக் கால் என்று ஒத்துக்கொள்ளவில்லை. "செருப்பு சுருங்கிப் போச்சும்மா, மழையில நனைஞ்சதுல்ல" என்றார். மழை பெய்து மூன்று மாசம் ஆகியிருந்தது. பிறகு படுத்தால் மூச்சு முட்டுகிறது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால்தான் தூக்கம் வருகிறது என்று வந்தபோது, நானும் என் வீட்டுக்காரரும் அவரை ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கூட்டிப்போனோம்.

டாக்டரம்மா சின்ன வயசு. கணுக்காலுக்கு மேலே கட்டை விரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. அண்ணி அந்தக் குழியை, யாரோ ஒருத்தருடைய காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இதயம் தண்ணிய இறைக்க முடியாம திணறுதும்மா. அதான் கால்ல தங்குது. மாத்திரை தரேன். ஆனா ஒரு நாளைக்கு மொத்தம் ஒரு லிட்டர்தான் உள்ள போகணும். தண்ணி, டீ, காபி, ரசம், மோரு எல்லாம் சேத்து. உப்பும் கம்மி பண்ணுங்க. ரெண்டு வாரம் பாப்பேன். வடியலன்னா பெட்ல சேத்துட வேண்டியதுதான்."

பெட் என்றதும் அண்ணியின் முகம் மாறியது. அவர் வீட்டுக்காரர் பெட்டில் சேர்ந்து பதினோரு நாள் இருந்தவர். பன்னிரண்டாவது நாள் வீட்டுக்கு அவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். அதற்குப் பிறகு அண்ணிக்குக் கட்டில்கூட ஆகாது, பாயில்தான் படுப்பார்.

"லிட்டருன்னா வண்டிக்கு ஊத்தறதுதானே டாக்டரம்மா. எனக்கு சொம்புல சொல்லுங்க" என்று கேட்டார்.

"உங்க வீட்டுச் சொம்பு எவ்ளோ பெருசுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

நியாயமான பதில்தான். "நான் அளந்து குடுக்கறேன், வாங்க அண்ணி" என்று சொல்லி எழுப்பினேன்.

சொல்லிவிட்டேனே தவிர, எதை வைத்து அளப்பது? நான் எட்டாவது வரை போனவள். மில்லி என்பதைக் கடையில்தான் கற்றுக்கொண்டேன். எங்கள் தெருவில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா, பக்கவாட்டில் கோடு போட்ட பாட்டிலோடு வந்து இருநூறு மில்லி பால் கேட்பார். நான் டீ கிளாஸால் இரண்டு ஊற்றுவேன். அவர் பாட்டிலைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிக் கோட்டைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்பதுபோல விரலைக் காட்டுவார். ஆகவே என் கிளாஸ் நூறுக்குக் கொஞ்சம் கம்மி என்று தெரியும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று தெரியாது. அந்த அம்மாவும் ஊருக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் அடுப்படி அலமாரி ஞாபகம் வந்தது. தேங்காய் எண்ணெய் ஒரு குவார்ட்டர் பாட்டிலில், ஃபினாயில் ஒரு குவார்ட்டர் பாட்டிலில். எங்கள் வீட்டில் அந்தப் பாட்டிலுக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. ஒன்றின் லேபிளைப் படித்தேன். நூற்றி எண்பது மில்லி என்று போட்டிருந்தது.

"வாங்கும்போது எது வரைக்கும் இருக்கும்?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. பாட்டிலை வாங்கி, கழுத்துக்குக் கீழே கட்டை விரல் நகத்தை வைத்தார். "இது வரைக்கும். இதுக்கு ஒரு சொட்டு கம்மியா இருந்தா நான் வாங்க மாட்டேன்."

அந்த விஷயத்தில் அவர் தப்பாகச் சொல்ல மாட்டார் என்பதால் அந்த இடத்தில் சாந்துப் பொட்டால் கோடு போட்டேன். அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தார். "தம்பி குடிச்சது ஒரு நாளாவது குடும்பத்துக்கு உதவணும்னு இருந்திருக்கு" என்றார். வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அண்ணி வீட்டுக்கே போய், அன்றைக்குப் பிற்பகல் முழுவதும் அளந்தேன். எங்கள் கடை டீ கிளாஸ் பாதிப் பாட்டில், தொண்ணூறு மில்லி. அண்ணி வீட்டுக் காபி டம்ளர் ஒரு பாட்டிலுக்குக் கொஞ்சம் குறைச்சல், நூற்றைம்பது என்று வைத்துக்கொண்டேன். விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுக்கிற பெரிய டம்ளர் இருநூற்றைம்பது. பித்தளைச் சொம்பில் கழுத்து வரைக்கும் ஐந்தரை பாட்டில் பிடித்தது. ஐந்தரை நூற்றி எண்பது தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. டாக்டரம்மா சொன்ன லிட்டர், பத்து மில்லி குறைவாக அந்தச் சொம்பிலேயே இருந்தது.

ஆனால் எங்கள் ஜனம் டம்ளரைக் கணக்கு வைத்தா குடிக்கிறது? "ஒரு வாய் தண்ணி குடு" என்பார்கள், "தொண்டை நனைஞ்சாப் போதும்" என்பார்கள். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் இருந்து இறங்கி வருகிற ஒரு மணிலாக்கொட்டை வியாபாரி, "உசுரு நிக்கிற அளவுக்கு ஊத்தும்மா" என்று கேட்பார். எல்லாரும் சொம்பை அண்ணாந்து தூக்கி, உதட்டில் படாமல் ஊற்றிக்கொள்கிறவர்கள். தொண்டைக்குள் எவ்வளவு போனது, கழுத்து வழியாக எவ்வளவு வழிந்தது என்று யார் சொல்ல முடியும்? அண்ணியை அண்ணாந்து குடிக்க வைத்து, மீதியை அளந்து பார்த்தேன். ஒரு மடக்கு நாற்பது மில்லி. தொண்டை நனைய அவருக்கு மூன்று மடக்கு வேண்டும். உயிர் நிற்கிற அளவை நான் அளக்கவில்லை.

ஆகவே ஒரு ஏற்பாடு செய்தேன். காலையில் சொம்பைக் கழுத்து வரை நிரப்பி வைப்பது. தண்ணீர் வேண்டுமென்றால் அதிலிருந்துதான். காபி ஒரு டம்ளர் குடித்தால், சொம்பிலிருந்து அதே டம்ளரால் ஒரு டம்ளர் எடுத்து வாசல் முருங்கைக்கு ஊற்றிவிட வேண்டும். ரசம் ஒரு கரண்டி என்றால் அதே கரண்டியால் முருங்கைக்கு. சொம்பு காலியானால் அன்றைக்குக் கதை முடிந்தது. அண்ணிக்கு இது பிடித்துப்போயிற்று. மில்லி என்ற பேச்சே வேண்டாம், கண்ணால் பார்க்கிற கணக்கு.

"அப்ப நான் காபிய வுட்டா முருங்கை காஞ்சு போவும்" என்றார்.

ஒரு வாரம் சத்தியமாக அப்படியே இருந்தார். பக்கத்து வீட்டில் கல்யாணப் பேச்சுக்குக் கூப்பிட்டுக் கொடுத்த கலர் சோடாவைக்கூட வீட்டுக்கு எடுத்து வந்து, அளந்து முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் குடித்தாராம். அதற்குள் கலரில் காற்று போயிருந்தது.

ஒரு வாரம் கழித்துப் போனோம். டாக்டரம்மா விரலை வைத்து அழுத்தினார். குழி அப்படியே விழுந்தது. எடையும் குறையவில்லை, அரைக் கிலோ கூடியிருந்தது.

"ஒரு லிட்டர்தான் குடிச்சீங்களா? உண்மைய சொல்லுங்கம்மா. நடுவுல யாருக்கும் தெரியாம குடிக்கிறீங்களா?"

அண்ணி வெளியே வந்து, ஆட்டோவில் உட்கார்ந்த பிறகு சொன்னார்: "அந்தப் பொண்ணு என்னைத் திருடின்னு சொல்லிட்டாம்மா." அவருடைய மோர் டம்ளரில் இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் குறை சொன்னதில்லை. அப்படிப்பட்டவர். டாக்டரம்மா சொன்ன இரண்டு வாரத்தில் இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. வீடு வரும் வரை அந்த வீங்கின காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. என் அளவில்தான் தப்பு என்று தோன்றியது. சொம்பை மறுபடி அளந்தேன், ஐந்தரைதான். வீட்டில் குடிப்பதெல்லாம் அந்தச் சொம்புக் கணக்கில் வந்துவிடும். மரத்தடியில் என்ன நடக்கிறது என்றுதான் தெரியாது. மறுநாள் கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, பாட்டிலைக் கூடைக்குள் போட்டுக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனேன்.

அண்ணி மோரை மொத்தமாகக் கரைத்து வைக்க மாட்டார், வெயிலில் புளித்துவிடும் என்று. கெட்டித் தயிர் ஒரு சட்டியில் தனியாக, ஈரத்துணி சுற்றி இருக்கும். ஆறு டம்ளர் அளவுக்குச் சின்னப் பானையில் கரைப்பார். தண்ணீர், உப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை. கரைத்ததும் ஒரு கரண்டி எடுத்து, இடது கையைக் குழித்து அதில் ஊற்றி உறிஞ்சுவார். நாக்கைச் சப்புக்கொட்டுவார். சில சமயம் ஒரு கல் உப்புப் போட்டு இன்னொரு கை. எங்கள் பக்கத்தில் அடுப்பு முன்னால் நிற்கிற யாரும் இப்படித்தான் ருசி பார்ப்பார்கள். கரண்டியில் வாய் வைத்தால் எச்சில்.

நானும் அதை ஆயிரம் தடவை பார்த்தவள்தான். அன்றைக்குத்தான் கண்ணில் விழுந்தது. காலடியில் கிடந்த புளியங்கொட்டையைப் பொறுக்கி, ஒவ்வொரு கைக்கும் ஒன்றாக மடியில் போட்டேன். வெயில் உச்சிக்கு வருவதற்குள் மடியில் பதினாலு சேர்ந்துவிட்டது.

"எதுக்கு அண்ணி இத்தனை தரம் பாக்கறீங்க? காலையில போட்ட உப்புதானே?"

"தண்ணி மாறுது, தயிர் மாறுது. ஒரு கல்லு ஜாஸ்தியா போச்சுன்னா நடந்து வர்றவனுக்குத் தாகம் அடங்காது. இன்னொரு டம்ளர் கேப்பான். அது ஏமாத்தி விக்கறது."

"வீட்டுக்குப் போற வரைக்கும் எத்தனை கை பாப்பீங்க?"

"யாரு எண்ணுனா? முப்பது இருக்கும்."

"இதுக்கும் சொம்புலேர்ந்து எடுத்து முருங்கைக்கு ஊத்தறீங்களா?"

அப்போதுதான் அவர் கரண்டியை நிறுத்திவிட்டு, குடிக்கிறதா அது என்று கேட்டது.

நான் வாதாடவில்லை. வாதாடி அண்ணியிடம் ஜெயித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் கிடையாது. "எப்பவும் ஊத்தற மாதிரியே கையில ஊத்துங்க. குடிக்காதீங்க, இந்த டம்ளர்ல கவுத்துடுங்க" என்றேன். ஊற்றினார். கவிழ்த்தார். விரல் இடுக்கில் கொஞ்சம் வழிந்தது, அதை விட்டுவிட்டேன். ஒன்பது கை ஆனதும் டம்ளரில் இருந்ததைப் பாட்டிலில் ஊற்றினேன். சாந்துப் பொட்டுக் கோட்டில் வந்து நின்றது.

"ஒரு கை இருபது மில்லி அண்ணி. முப்பது கைன்னா அறுநூறு. மூணு குவாட்டருக்கு மேல. உப்பு போட்டது. உங்க தம்பிகூட ஒரு நாளைக்கு இவ்ளோ இல்ல."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழித்துப் பார்த்தார், விரித்துப் பார்த்தார்.

"அப்ப அந்தப் பொண்ணு சொன்னது…" என்று ஆரம்பித்தார்.

"திருடல அண்ணி. உங்களுக்கே தெரியல."

அடுத்த வாரம் டாக்டரம்மா விரலை வைத்தபோது குழி விழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதி மேலே வந்தது. எடை இரண்டரைக் கிலோ இறங்கியிருந்தது. பெட் வேண்டாம், இப்படியே இருங்க என்று சொல்லி அனுப்பினார். செருப்பும் பழையபடி விரிந்துகொண்டது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அதைவிட ஞாபகம் இருப்பது அளந்த அன்றைக்கே அந்த மரத்தடியில் அப்புறம் நடந்தது.

பானை காலியாகியிருந்தது. பாதையில் மூன்று பேர் நடந்து வந்து, "மோரு இருக்கா பெரியம்மா?" என்று கேட்டு நிழலில் நின்றார்கள். அண்ணி தயிரை எடுத்துப் போட்டுக் கரைத்தார். தண்ணீர் விட்டார், உப்புப் போட்டார், கலக்கினார். ஒரு கரண்டி எடுத்தார். இடது கை தானாகக் குழிந்தது. கரண்டி பாதி வழியில் நின்றது.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் சமையலுக்கு உப்பு தெரியாது என்று சொல்லி வந்தவர் அவர். என் குழம்பை எல்லார் முன்னாலும் தள்ளி வைத்துவிட்டு ஊறுகாய் கேட்டவர். என் டீக்கு மட்டும்தான் குறை சொல்ல மாட்டார், அதில் உப்பு இல்லை என்பதால்.

நின்றவர்களில் ஒருத்தர் இருமினார். அண்ணி கரண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கையை நீட்டு" என்றார்.

நீட்டினேன். என் விரல்களைத் தன் கையால் ஒன்று சேர்த்துக் குழித்து, ஒழுகாதபடி அடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கரண்டி மோரை அதில் ஊற்றினார்.