ஆணி இல்லாத சுவர்

ஜெயகுமாரி வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டு மணி என்னவென்று கேட்டால் ஒரே பதில் கிடைக்காது. வாசல் பக்கத்துக் கடிகாரம் பத்தேகால் என்னும், டிவிக்கு மேலே இருப்பது பத்து இருபது என்னும், ஜன்னலோரத்தில் தொங்குவது போன வருடமே பேச்சை நிறுத்திவிட்டது. இத்தனை கடிகாரம் வாங்க அவளுக்கென்ன பைத்தியமா? ஒன்றுகூட அவள் வாங்கியதில்லை. கல்யாணத்துக்கு வந்தவை, அம்பத்தூர் மேனாம்பேட்டில் இந்த வீட்டைக் கட்டிப் பிரதிஷ்டை செய்தபோது வந்தவை, மகள் ஸ்வீட்லினின் ஞானஸ்நானத்துக்கு வந்தவை. நம் ஜனங்களுக்குப் பரிசு என்றாலே சுவரில் மாட்டுகிற சாமான்தான் முதலில் நினைவுக்கு வரும். அடுத்தவர் வீட்டுச் சுவர் காலியாக இருந்துவிடக் கூடாதே என்று அவ்வளவு அக்கறை.

கடிகாரத்தோடு போயிற்றா? ஒவ்வொரு புத்தாண்டு ஆராதனையிலும் சபையில் கொடுக்கும் பைபிள் வாக்குத்தத்த வசன அட்டை கண்ணாடிச் சட்டம் போட்டு வரிசை கட்டி நின்றது. எம்பிராய்டரிக் கிளி ஒன்று, பிளாஸ்டிக் ரோஜாக் கூடை ஒன்று, யாரோ ஊட்டிக்குப் போய் வாங்கிவந்த தெர்மாமீட்டர் பதித்த மரத்துண்டு ஒன்று. சுவருக்கு என்ன நிறம் அடித்திருந்தார்கள் என்பதே வீட்டுக்காரர்களுக்கு மறந்துபோயிருந்தது. கொடுத்தவர் வரும்போது கொடுத்தது கண்ணில் பட வேண்டும் என்பது ஜெயகுமாரி தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். வேறு யாரும் போடவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் அவள் பார்ப்பது செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பிசிறு வெட்டுவாள். தையல் கோணினால் சூப்பர்வைசரிடமே "இது தேறாது சார்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அங்கே அப்படிப்பட்டவள், வீட்டு வாசலில் யாராவது ஒரு பொட்டலத்தை நீட்டினால் போதும், உருகிப்போய்விடுவாள். பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே அழகாக இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அப்புறம் ஆணி அடிக்க வேண்டியது கணவன் கிறிஸ்துதாஸின் பாடு.

இந்தக் கூட்டத்துக்கெல்லாம் தலைமை தாங்கியது ஓர் அருவி. சோபாவுக்கு நேர் மேலே, முக்கால் சுவரை அடைத்துக்கொண்டு, கண்ணாடிச் சட்டத்துக்குள் விளக்கெரியும் அருவிப் படம். ஸ்விட்சைப் போட்டால் தண்ணீர் ஓடுவதுபோல் இருக்கும், குருவி கத்தும். சில வருடங்களாகத் தண்ணீர் ஓடுவதில்லை. குருவி மட்டும் விடாமல் கத்தியது. அதைக் கொடுத்தவர் கிறிஸ்துதாஸின் அக்கா சுகிர்தா. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று ஆவடி சேக்காட்டில் இருப்பவர். வாரம் தவறாமல் வருவார். அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் கிறிஸ்துதாஸ் ஓடிப்போய் குருவியைக் கத்த விடுவான்.

சுகிர்தாவுக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார், வருவதை நிறுத்திவிடுவார். இன்னொரு தம்பி பிராங்க் வீட்டில் அவர் கொடுத்த டின்னர் செட் வேறொரு வீட்டுக் கல்யாணத்துக்குப் பரிசாகப் போய்விட்டது என்று தெரிந்தபோது, இரண்டு கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அந்தக் கதி தன் வீட்டுக்கும் வந்துவிடக் கூடாதே என்பதுதான் ஜெயகுமாரியின் பயம். அம்மா இல்லாமல் வளர்ந்தவள் அவள். ஸ்வீட்லின் குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த நாட்களில், லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்திலேயே இருந்தது இந்த அண்ணிதான். குழந்தையைப் பார்த்தது பெரிதில்லை, நர்ஸுக்கு அது வேலை. படுத்த படுக்கையாகக் கிடந்த ஜெயகுமாரிக்குத் தினமும் சிக்கெடுத்துத் தலை பின்னிவிட்டாரே, அதை அவள் எங்கே மறப்பாள்? இப்படிப்பட்ட மனுஷிக்காக ஓர் அருவியைச் சகித்துக்கொள்ளக் கூடாதா என்றுதான் இருந்தாள்.

வம்பு வந்தது பாஸ்டரம்மாவால். சபையின் பெண்கள் ஐக்கியம் மாதம் ஒரு வீட்டில் ஜெபம் வைக்கும். முறை வரும்போதெல்லாம் ஹால் சின்னது என்று சொல்லி ஜெயகுமாரி நழுவிவிடுவாள். இந்த வருடம் பாஸ்டரம்மா கேட்கவே இல்லை, அவள் பெயரைச் சபையில் வாசித்துவிட்டார். வீட்டுக்கு வந்து ஹாலைப் பார்த்தாள் ஜெயகுமாரி. அது ஹாலாகத் தெரியவில்லை, பரிசுச் சாமான் கடையாகத் தெரிந்தது. தன் வீட்டில் தான் ஆசைப்பட்டு வைத்தது என்று ஒரு பொருளும் இல்லையே என்பது அன்றைக்குத்தான் சுருக்கென்று தைத்தது.

வேலப்பன்சாவடியில் ஒரு காலேஜ் ஆபீஸில் வேலை பார்க்கும் ஸ்வீட்லின், போனில் ஹால் ஹாலாகக் காட்டினாள். எல்லாவற்றிலும் ஒரு சோபா, ஒரு செடி, ஏராளமான வெளிச்சம். சோபா விலையைக் கேட்டதும் ஜெயகுமாரி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவள் கையில் இருந்தது ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த கொஞ்சம் பணம். ஹாலுக்குப் பெயிண்ட் வாங்கலாம், மிஞ்சினால் வாசலுக்கு ஒரு மிதியடி. அதுதான் பட்ஜெட்.

பெயிண்ட் அடிக்க ஆள் வைக்கக் கட்டுப்படியாகாது என்று கிறிஸ்துதாஸே இறங்கினான். சுவரில் இருந்ததையெல்லாம் கழற்றிக் கட்டிலின் மேல் குவித்தார்கள். அவன் லேத் பட்டறைக்காரன். மயிரிழை பிசகினால் தூக்கம் வராத கை. ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கி, ஒவ்வொரு ஓட்டையிலும் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, விரலால் தடவிப் பார்த்து, மறுபடி தேய்த்தான். வெளுத்த மோர் நிறத்தில் இரண்டு கோட்டு அடித்து முடித்தபோது எங்கே ஆணி இருந்தது என்று அவனாலேயே காட்ட முடியவில்லை. அந்தப் பெருமையில் அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டோடு ஹாலில் வந்து உட்கார்ந்து சாப்பிட்டான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்த ஜெயகுமாரி டம்ளரில் காபியோடு சோபாவில் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாக வெயில் வந்து சுவர் முழுக்கப் படர்ந்திருந்தது. இத்தனை வருடமும் அந்த வெயில் வந்துகொண்டுதான் இருந்திருக்கும், விழத்தான் இடமில்லை. ஹால் இரண்டு மடங்கு ஆகிவிட்டது போலிருந்தது. காபி ஆறிப்போனது தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது, ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு வெற்றுச் சுவரைப் பார்த்து ஒருத்திக்கு இவ்வளவு சந்தோஷமா என்று உங்களுக்குத் தோன்றினால், உங்கள் வீட்டுச் சுவரில் யாரும் ஏதும் மாட்டவில்லை என்று அர்த்தம்.

சாயங்காலம் கிறிஸ்துதாஸ் ஆணி டப்பாவை எடுத்து வந்தபோது, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அந்த ஒவ்வொன்று வரவே இல்லை. ஓடுகிற கடிகாரங்கள் ஞாயிறு பள்ளிக்கும் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டுக்கும் போயின. கிளி பக்கத்து வீட்டுக்குப் பறந்தது. வசன அட்டைகளில்தான் பெரிய சிக்கல். பழைய பேப்பரோடு போடக் கூடாது, யாருக்கும் தள்ளிவிடவும் மனமில்லை. மெத்தைக்கு அடியில் வைக்கலாம் என்று ஸ்வீட்லின் சொல்ல, வசனத்தின் மேல் புரண்டு படுப்பதா என்று கிறிஸ்துதாஸ் பதறிவிட்டான். கடைசியில் அவனே சட்டத்தைக் கழற்றிவிட்டு எல்லா அட்டைகளையும் பீரோ கதவின் உட்பக்கம் ஒட்டினான். சட்டை எடுக்கத் திறக்கும்போதெல்லாம் ஒரு வாக்குத்தத்தம். சுவரில் இருந்த காலத்தில் ஒன்றையும் நின்று வாசித்ததில்லை, இப்போது தினமும் வாசிக்கிறான்.

அருவி மட்டும் பெட்ஷீட்டில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. நல்ல வேளையாக, பெயிண்ட் அடித்ததிலிருந்து இரண்டு வாரமாக சுகிர்தா மூட்டு வலி என்று வரவில்லை. ஜெபக்கூட்டத்துக்குக் கட்டாயம் வருவதாகச் சொல்லியிருந்தார். அன்றைக்கு மட்டும் மாட்டிவிட்டு அப்புறம் இறக்கிவிடலாம் என்பது கணவன் மனைவி இருவரும் பேசி வைத்த ஏற்பாடு.

ஜெபக்கூட்டத்தன்று மத்தியானம் கிறிஸ்துதாஸ் சுத்தியலும் பெரிய ஆணியுமாக சோபா மேல் ஏறி நின்றான். ஆணியின் முனையைச் சுவரில் வைத்தான். ஜெயகுமாரி சமையலறையிலிருந்து கேசரிக் கரண்டியோடு வந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வேணாங்க. அடிக்காதீங்க."

"அக்கா வந்துகினு கீது ஜெயா. அது வந்து பாத்தா இன்னா ஆவும்னு தெரியுமில்ல?"

"தெரியும். நானே சொல்லிக்கறேன். எறங்குங்க."

அவன் இறங்கினான். அவனுக்கும் அந்தச் சுவரில் ஆணி அடிக்க மனசில்லை என்பது இறங்கிய வேகத்திலேயே தெரிந்தது. ஆனால் சொல்லிக்கறேன் என்ற வாய்க்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கேசரியில் சர்க்கரை போட்டோமா என்று இரண்டு தரம் ருசி பார்த்தாள். சுவரையும் விட முடியவில்லை, அண்ணியை விடுவது நினைத்துப் பார்க்கவே முடியாதது.

சுகிர்தா எல்லாருக்கும் முன்னால் வந்து சேர்ந்தார். உள்ளே வந்தவர் சோபாவுக்கு மேலே பார்த்தார், ஜெயகுமாரியைப் பார்த்தார், ஜன்னலோரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அதற்குள் மற்ற பெண்கள் வந்துவிட்டார்கள். சின்ன ஹால் என்று சொல்லி இத்தனை வருடம் ஏமாற்றிவிட்டாளே என்று பாஸ்டரம்மா கேலி செய்தார். எல்லாரும் தரையில் தாராளமாகக் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். பாட்டுப் பாடினார்கள், ஜெபித்தார்கள். ஜெயகுமாரி கண்ணை மூடியிருந்தாளே தவிர காதில் ஒரு வார்த்தை ஏறவில்லை. அண்ணி எழுந்து போய்விடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஜெபம்.

கேசரியும் காராபூந்தியும் சாப்பிட்டு, ஹாலைப் புகழ்ந்துவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கிறிஸ்துதாஸ் டம்ளர் கழுவுகிற சாக்கில் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. சுகிர்தா மட்டும் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்.

"அருவி எங்க ஜெயா?"

ஜெயகுமாரி அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். யோசித்து வைத்திருந்த சாக்கெல்லாம் மறந்துவிட்டது.

"கட்லுக்குக் கீய வெச்சிகீறேன் அண்ணி. அவரு மாட்டத்தான் பாத்தாரு, நாந்தான் வேணாம்னுட்டேன். செவுரு சும்மா இருந்தா எனக்குப் புட்சிகீது. இதுக்கோசரம் கோச்சிக்கினு வராம மட்டும் இருந்துடாதீங்க. நீங்க வராம என்னால இருக்க முடியாது."

சுகிர்தா டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, டாக்டரிடம் எதையோ கேட்கத் தயங்குகிற நோயாளியைப் போல மெல்லக் கேட்டார்.

"அப்ப... அந்த மயில நானும் எறக்கிடட்டா?"

எந்த மயில் என்று ஜெயகுமாரிக்கு ஒரு நிமிடம் பிடிபடவில்லை. அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டாள். அண்ணியின் வெள்ளிவிழாக் கல்யாண நாளுக்கு அவளே மகாபலிபுரத்தில் ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்தது. முழுக்க முழுக்க சிப்பியிலும் சோழியிலும் செய்து தோகை விரித்த மயில். சேக்காட்டு வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் இன்னமும் நிற்கிறது.

"தோகைக்குள்ள தூசு பூந்துக்குது ஜெயா. பழைய பல்லு விளக்கற பிரஷ வெச்சி ஒவ்வொரு சிப்பியா தொடைக்கறேன். நீ வந்தா மொதல்ல அத்தத்தானே பாக்கற. எறக்கிட்டா நீ மனசு ஒடஞ்சி போய்ட்டு, அப்பறம் எங்க ஊட்டுப் பக்கமே வராம பூட்டீன்னா..."

"இத்தப் போயி அண்ணி ஊட்ல கொண்டாந்து வெச்சிட்டமேன்னுதான் அண்ணி பாப்பேன்."

முதலில் சிரித்தது சுகிர்தாதான். சிரிப்பு என்றால் மூட்டு வலியை மறந்து முழங்காலைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ஜெயகுமாரி சிரிக்கத் தொடங்கி அழுகையில் போய் முடித்தாள். பிராங்கையே நடுங்க வைத்த மனுஷி, தன் மனசு நோகக் கூடாதே என்று இத்தனை வருடமும் பிரஷும் கையுமாக ஒரு மயிலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். தான் வராமல் போய்விடுவாளோ என்று இவரும் பயந்திருக்கிறார். தன்னை இழக்க ஒருவர் இவ்வளவு பயப்படுவார் என்று ஜெயகுமாரி கனவிலும் நினைத்ததில்லை. அண்ணியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பழைய பழக்கத்தில் அண்ணியின் கை அவள் தலையைக் கோதிச் சிக்கு தேடியது.

சமையலறை வாசலில் வந்து நின்ற கிறிஸ்துதாஸுக்கு, இவர்கள் சிரிக்கிறார்களா அழுகிறார்களா, உள்ளே வரலாமா கூடாதா என்று ஒன்றும் விளங்கவில்லை. சுகிர்தா அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாடா பாக்கற? இன்னொரு டீ போட்டுக்கினு வா. நா இந்த ட்ரெயின வுட்டுட்டு அடுத்ததுல போறேன்."