படி இல்லாத அரண்மனை

வண்டிப்பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் எங்கள் ஸ்டுடியோ. படம் எடுப்பது என் வீட்டுக்காரர், ஆல்பம் செய்வது நான். மணமக்களை நிலாவில் உட்கார வைத்திருக்கிறேன். அருவிக்கு நடுவே நனையாமல் நிற்க வைத்திருக்கிறேன். ரோஜாப்பூவுக்குள்ளிருந்து இரண்டு தலைகளை மட்டும் முளைக்க வைத்திருக்கிறேன். பல வருடங்களாக யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

பிறகு எனக்கு ரசனை வந்தது. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்களே, அந்த ரகம். செல்போனில் பெரிய பெரிய போட்டோக்காரர்களின் படங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். வெளிச்சம், நிழல் என்று வீட்டுக்காரருக்கே பாடம் எடுத்தேன். நிலாவும், பக்கத்துக்குப் பக்கம் நான் நீந்தவிட்ட அன்னமும் பார்க்கவே கூசின. கேட்டு வருகிறவர்களிடம், "அதெல்லாம் பழசுங்க, வேண்டாமுங்க" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிடுவேன். நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். அந்த வெயிலில் வளர்ந்தவளுக்கு, தேயிலைத் தோட்டத்தின் மேல் விடிகாலைப் பனி இறங்குவதைவிடப் பெரிய அழகு உலகத்தில் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு அக்காவின் மகள் கல்யாணம் வந்தது. அக்கா தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவர். மகள் நர்ஸ், மாப்பிள்ளை தேனிப் பக்கம். பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஸ்டுடியோவில் பச்சைத் துணிக்கு முன்னால் நிறுத்தி எடுத்தோம். துணி இருக்கிற இடத்தில் வேறு எந்த இடத்தை வேண்டுமானாலும் நான் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம். "நல்லா அழகா பண்ணும்மா, சம்பந்தி வீட்டுக்குப் போறது" என்று மட்டும் அக்கா சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது போதாதா?

விடியற்காலையில் எழுந்து போய் நானே எடுத்துச் சேர்த்து வைத்திருந்த தோட்டத்துப் படங்களையெல்லாம் இறக்கினேன். பட்டுப்புடவையோடு பெண் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றாள். பின்னால் பனி, பக்கவாட்டில் இளவெயில். ஒரு பக்கத்தில்கூட அன்னம் இல்லை. என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

ஆல்பம் வாங்க வந்த அக்கா மேஜைமேல் வைத்துத் திறந்தார். நாலு பக்கம் புரட்டினார், மூடிவிட்டார். பாராட்டு வாங்குவதற்கு முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நான் எதிரே நின்றேன்.

"என்னம்மா இது, கொழுந்துக் காட்டுக்குள்ள கொண்டு நிப்பாட்டி வச்சிருக்கே?"

"இயற்கையா இருக்குதுங்கக்கா. டூரிஸ்ட்டுக இதைப் பாக்கறக்குன்னே எங்கெங்கிருந்தோ வர்றாங்கல்லங்க."

"அவுக பாத்துட்டுப் போயிருவாக." ஆல்பத்தை என் பக்கம் தள்ளினார். "எம் மகள ஒரு நாள் அந்தக் காட்டுக்குள்ள எறக்குனதில்ல நான். லீவு நாள்ல சோறு கொண்டாறேம்பா, வேண்டாம்னுருவேன். அட்டை கடிச்ச காலோட அவ பள்ளிக்கூடம் போகக் கூடாது, அம்புட்டுதான். இப்ப நீ படத்துல கொண்டு போயி எறக்கிட்டியே தாயி."

திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் திட்டவில்லை. என் ரசனையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று தெரியாமல் வெட்கமாக இருந்தது. "வேற பண்ணித் தர்றேனுங்க. எப்படி வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்றேன்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். யோசிக்கவே இல்லை.

"ஒரே சமமா இருக்கணும். எங்க பாத்தாலும் ஒரு மேடு கண்ணுல படக் கூடாது. செடி வேண்டாம். தண்ணி இருக்கட்டும், கணுக்கால் அளவு. அதுல அட்டை கெடையாது."

"படத்துல அட்டை தெரியாதுங்கக்கா."

"தெரியாட்டியும் இருக்கக் கூடாது. தூரத்துல ஒரு அரண்மனை வையி. படி வேண்டாம். நடந்தா அப்பிடியே உள்ள போயிரணும்."

"அன்னம்?" கிண்டலுக்குத்தான் வாயைத் திறந்தேன். கேட்டு முடிக்கும்போது உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

"ரெண்டு விடு."

அது எந்த ஊர் என்று கேட்டேன். எந்த ஊரும் இல்லையாம். சரிவில் ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் ஊன்றிக் கொழுந்து எடுக்கும்போது, முழங்கால் வலி தெரியாமலிருக்க மனசுக்குள் போய் நடந்துவிட்டு வருகிற இடமாம். முப்பது வருஷமாகப் போய் வருகிறாராம். சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லையாம். "மலைக்குக் கீழ கம்பத்துக்குப் போனா தரை சமந்தான். ஆனா கல்யாண வீடு, சாவு வீடுன்னு போயிட்டுச் சாயங்கால பஸ்ஸுக்கு ஓடியாரணும். நின்னு நடக்க எங்க நேரம்?" என்றார்.

நாலு நாள் வேலை. என்னிடம் இருந்த அரண்மனை ஒவ்வொன்றுக்கும் படி இருந்தது. மேலே இருந்தால்தானே ராஜா. ஒவ்வொரு படியாக அழித்தேன். அழித்ததும் வாசல் அந்தரத்தில் தொங்கியது, அரண்மனையையே இறக்கித் தரையோடு வைத்தேன். சமமான தண்ணீர்தான் அமையவில்லை. தேடித் தேடி, கடைசியில் என் அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் கிடைத்தது. நடவுக்கு முன்னால் பரம்படித்து மட்டமாக்கித் தண்ணீர் கட்டிய வயல், அதில் வானம் முழுசாகக் கிடந்தது. "ஏனுங்க, எங்கூட்டு வயலை வந்து பாருங்க" என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். பிறந்ததிலிருந்து பார்த்த வயல், ஒரு நாளும் அழகென்று தோன்றியதில்லை. அந்த அக்காவின் கண்ணால் அன்றைக்குத்தான் பார்த்தேன். பனைமரங்களை எடுத்தேன். வரப்பையும் எடுத்தேன், அதுவும் ஒரு மேடுதானே.

அக்கா வந்து பார்த்தார். மகள் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள், இரண்டு அன்னம், தூரத்தில் படியில்லாத அரண்மனை. விரலால் அந்தத் தண்ணீரைத் தொட்டார். "இதேதான்" என்றார். கொஞ்சம் கழித்து, "இம்புட்டு வெளிச்சம் இருந்ததில்ல. பரவால்ல, நல்லாத்தான் இருக்கு."

அந்த அக்காவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துவிடும். அன்னத்தையும் அருவியையும் அவர்தான் எனக்குத் திருப்பிக் கொடுத்தார். இப்போது யாராவது நிலா கேட்டால் நான் முகம் சுளிப்பதில்லை. அங்கே என்னவெல்லாம் இருக்கும் என்று கேட்கிறேன். கேட்டால் சொல்கிறார்கள்; இத்தனை வருடம் ஒருத்தரையும் கேட்காமல் நிலா போட்டிருக்கிறேன்.

அன்றைக்கு அக்கா உடனே கிளம்பவில்லை. ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி கேட்டார்.

"என்னைய ஒண்ணு அங்க நிப்பாட்டுவியா? ஆல்பத்துக்கு இல்ல. எனக்கு."

வீட்டுக்காரர் உடனே விளக்குகளைப் போட்டார். அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் தரைவரை விரிந்திருந்த பச்சைத் துணிமேல் ஏறி நின்றார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை, அவராகவே புடவையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் அல்லவா!

படத்தை அப்போதே கம்ப்யூட்டரில் ஏற்றி, அவரைக் கொண்டுபோய் அந்தத் தண்ணீரில் நிறுத்தினேன். அதற்குப் பிறகுதான் தெரிந்தது. இடது தோள் தாழ்ந்து, வலது முழங்கால் லேசாக மடிந்து, உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. எத்தனையோ தடவை சரிவான தோட்டத்துப் பாதையில் அவரைப் பார்த்திருக்கிறேன், நேராகத்தான் தெரிவார். பின்னால் மட்டமான தண்ணீர்க்கோடு வந்ததும் சாய்வு அப்படியே தெரிந்தது. அவரும் பார்த்துவிட்டார்.

"சாஞ்சா நிக்கேன்?"

"நேராக்கிரலாமுங்கக்கா, ஒரு நிமிஷ வேலை" என்று மவுஸைப் பிடித்தேன்.

அக்கா திரைக்குப் பக்கத்தில் குனிந்து, தண்ணீரில் நிற்கிற தன்னை நிதானமாகப் பார்த்தார். என் கையை விலக்கினார்.

"வேண்டாம், விடு. அங்க ஒரு பத்து நாளு நடந்தா அதுவா நேராயிரும்."