கில்தோவின் கட்டைவிரல்

சிவப்பு விளக்கு பச்சையானதும் கில்தோ கட்டைவிரலை அழுத்துகிறார். முன்னால் நிற்கும் மோட்டார் சைக்கிள் சீறிக் கிளம்பி மருந்துக்கடைக் கம்பத்தைத் தாண்டும்போது இன்னொரு அழுத்து. ஸ்டாப்வாட்சை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் சட்டைக்குள் போட்டுக்கொள்கிறார். அசுவா ஊரின் சிற்றுந்து ஓட்டுநர்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் தெரியும். "என்ன தோன் கில்தோ, சிக்னலுக்கும் ஒப்பந்தம் போடப் போறீங்களா?" என்பார்கள், பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு 'தோன்' போட்டு.

"இன்னும் கொஞ்சம் வளரட்டும்" என்பார் அவர், முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல்.

முழுப்பெயர் லியோவிகில்தோ சென்சியோன். வயது அறுபத்தொன்று. அமெரிக்க பேஸ்பால் அணி ஒன்றுக்கு ஆள் பார்ப்பது வேலை. பதினைந்து வயதுப் பையன் எவ்வளவு வேகமாக ஓடுகிறான், எவ்வளவு தூரம் எறிகிறான், மட்டையில் பந்து படும்போது என்ன சத்தம் வருகிறது என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் இருபதிலிருந்து எண்பதுக்குள் ஓர் எண் போடுவார். அந்த எண்ணைப் பார்த்துத்தான் அணிக்காரர்கள் பையனைப் பார்க்க வருவார்கள்.

மைதானத்தோடு விட்டுவிட மாட்டார். வீட்டுக்கும் போவார். கொடுக்கும் காப்பியைக் குடித்துக்கொண்டே அம்மாவின் பாதத்தைப் பார்ப்பார், அண்ணனின் செருப்பைப் பார்ப்பார், பையனின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பார். "மணிக்கட்டு பெருசா இருந்தா ஆள் இன்னும் வளந்து முடியலன்னு அர்த்தம்." அப்பாவைக் கட்டாயம் பார்த்தாக வேண்டும், பையன் எவ்வளவு உயரம் போவான் என்று கணக்குப் போட. இது தெரிந்து ஒரு வீட்டில் பக்கத்துத் தெருவிலிருந்து ஆறடி ஆள் ஒருவரை அழைத்துவந்து, இவர்தான் அப்பா என்று நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். கில்தோ மரியாதையாகக் கை குலுக்கினார். "ரொம்ப சந்தோஷம். ஆனா உங்க வீட்டு நாய் ஏன் உங்களைப் பாத்து இந்தக் குரை குரைக்குது?" என்று மட்டும் கேட்டார்.

இப்படி இருந்த மனிதருக்கு இந்த ஆறு மாதமாகத் தூக்கம் சரியில்லை. காரணம், அவருடைய வலது கட்டைவிரல்.

அதன் அடிக்கணு வீங்கிவிட்டது. காலையில் வெந்நீரில் உப்புப் போட்டுக் கையை அமிழ்த்தினால்தான் மடங்குகிறது. அறுபது கஜ ஓட்டத்தில் பையன் அசைந்த கணமே விரல் அழுத்த வேண்டும். முடிவுக்கோட்டில் தொல்லையில்லை. பையன் வருவது தெரியும், விரல் முன்கூட்டியே தயாராகிவிடும். தொடக்கத்தில்தான் விரல் பிந்துகிறது. கடிகாரம் தாமதமாகக் கிளம்பினால் நேரம் குறைவாகக் காட்டும். மந்தமாக ஓடுகிறவனும் காற்றாய்ப் பறந்ததுபோல் தெரிவான்.

அப்படித் தெரிந்தவன்தான் வில்கின். அவன் ஓட்டம் ஆறு புள்ளி ஐந்து நொடி என்று கில்தோ எழுதினார். அணியின் பயிற்சிக்கூடத்தில் மின்கதிர் வைத்து அளந்தபோது ஆறு புள்ளி ஒன்பது. மேலாளர் கொன்ராதோ தலைநகரிலிருந்து கூப்பிட்டுச் சிரித்தார். "என்ன கிழவா, வர்ற வழியில உன் பையனோட கால் சுருங்கிடுச்சா?" மூன்று மாதத்துக்கு முன் வில்கினை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு இன்னொரு பையனுக்கும் இதே கதை. இரண்டாம் முறை கொன்ராதோ சிரிக்கவில்லை. "மூணாவது தடவை நான் கூப்பிட மாட்டேன். ஆபீஸ்ல இருந்து கடிதம் வரும்."

மனைவி மிரெயாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவள் வாழைக்காயை வாணலியில் திருப்பிப் போடும்போதுகூட அவர் கடிகாரத்தை அழுத்திப் பார்ப்பதை அவள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள்.

"கொன்ராதோகிட்ட சொல்லித் தொலையேன்."

"விரல் போச்சுன்னு சொன்னா ஆளே போயிட்டான்னு அர்த்தம் மிரெயா. கண்ணு தெரியாத டிரைவரை யாரு வச்சுக்குவாங்க?"

"அப்போ அளக்காம இரு."

"அளக்காம இருந்தா நான் யாரு?"

போன செவ்வாய்க்கிழமை வாடகை மோட்டார் சைக்கிள் நிறுத்தத்தில் ஒரே ஒரு வண்டிதான் நின்றது. ஓட்டுகிறவன் வில்கின். கில்தோ பின்னால் ஏறி, அவன் முதுகைப் பார்க்க மனம் வராமல், வழியெல்லாம் தக்காளி வயலையே பார்த்துக்கொண்டு போனார்.

மைதானத்தில் பயிற்சியாளர் ரதாமெஸ், யோர்லின் என்ற பையனைத் தயாராக நிறுத்தியிருந்தார். நீண்ட கால், ஒட்டிய வயிறு. மதியத்துக்குள் கொன்ராதோவுக்கு எண் போக வேண்டும். அணியில் இந்த ஆண்டு ஓர் இடம்தான் மீதி. கில்தோவின் எண் நன்றாயில்லை என்றால் கொன்ராதோ வேறு ஊர்ப் பையனுக்குக் கொடுத்துவிடுவார்.

யோர்லின் ஓடினான். கில்தோவின் உள்ளங்கையில் ஆறு புள்ளி இரண்டு. விரல் மறுபடி பிந்தியிருக்க வேண்டும். மறுபடி ஓடச் சொல்லி, கடிகாரத்தைப் பழக்கமில்லாத இடது கைக்கு மாற்றினார். ஆறு புள்ளி எட்டு.

ஒரே பையன். ஒன்று அள்ளிக்கொண்டு போகிற எண், மற்றது வீட்டுக்கு அனுப்புகிற எண்.

"எவ்வளவு தோன்? சொல்லுங்க, என் நெஞ்சு நின்னுடும்போல இருக்கு" என்றார் ரதாமெஸ். அறுபது கஜத்துக்கு அப்பால் முழங்காலில் கை ஊன்றி நின்ற யோர்லின், இவர் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தான். கில்தோ தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். அப்போதுதான் அவர் கண் வேலியோரம் வண்டியில் சாய்ந்து நின்ற வில்கின் மேல் விழுந்தது. இந்த ஊரில் ஒருவனுடைய ஓட்டம் மட்டும் அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். மின்கதிர் அளந்த ஆறு புள்ளி ஒன்பது.

அவனிடம் போய் நின்றார்.

"இன்னும் ஓடுறியா?"

"ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல, அப்போ ஓடின மாதிரியே ஓடறேன். கூடவும் இல்ல, குறையவும் இல்ல. ஏன்?"

"இவன்கூட ஒரு தடவை ஓடணும்."

வில்கின் அவரை மேலும் கீழும் பார்த்தான். "நான் எவ்வளவு தோக்கறேன்னு அளக்கவா தோன்?"

"ஆமா" என்றார் கில்தோ. பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை.

அவன் எதிரே துப்பினான். பிறகு ரதாமெஸிடம், "பத்தாம் நம்பர் ஷூ யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டான்.

முழு வேகத்தில் ஓடுகிறவன் நொடிக்கு ஒன்பது, பத்து கஜம் போவான். அதாவது ஒரு கஜம் பின்தங்கினால் நொடியில் பத்தில் ஒரு பங்கு. கில்தோ முடிவுக்கோட்டுக்கு முன்னால் கஜத்துக்கொரு கோடாகச் சுண்ணாம்பு போட்டார். கடிகாரத்தைப் பைக்குள் போட்டுவிட்டுக் கோட்டோரம் மண்டியிட்டார். விரலுக்கு வேலையில்லை. கண் இருந்தால் போதும்.

ஆனாலும் மனம் அடங்கவில்லை. வில்கின் கோபத்தில் வேண்டுமென்றே மெதுவாக வந்தால்? ரதாமெஸ் அவன் காதில் ஏதாவது ஓதியிருந்தால்? இரண்டு பேரும் கிளம்பியதும் அவர் முதலில் பார்த்தது வில்கினின் முகத்தைத்தான். கழுத்து நரம்பு புடைத்து, உதடு பிதுங்கிக் கோரமாக வந்தான். "முழுசா ஓடறவன் மூஞ்சி அழகா இருக்காது" என்று கில்தோ தனக்குள் சொல்லிக்கொண்டார்.

யோர்லினின் மார்பு முடிவுக்கோட்டைக் கடந்தபோது வில்கினின் மார்பு நான்காவது கோட்டில் இருந்தது. இருவரையும் மூச்சு வாங்கவிட்டு இன்னொரு முறை ஓடச் சொன்னார். மறுபடியும் நான்காவது கோடு.

நான்கு கஜம் என்றால் நொடியில் பத்தில் நான்கு. ஆறு புள்ளி ஒன்பதில் அதைக் கழித்தால் ஆறு புள்ளி ஐந்து. இந்த முறை அது நிஜம்.

கில்தோ நின்ற இடத்திலேயே கொன்ராதோவைக் கூப்பிட்டார். ரதாமெஸ் காதை நீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"ஆறு புள்ளி அஞ்சு, கொன்ராதோ."

"யாரு கடிகாரத்துல? உன்னோடதுலயா? அப்போ நான் ஏழுன்னு எழுதிக்கறேன்."

"கடிகாரமே இல்ல. என் விரல் போயிடுச்சு. நான் அழுத்தறதுக்குள்ள பையன் ரெண்டு எட்டு போயிடறான். வில்கினுக்கும் அப்படித்தான் ஆச்சு. தப்பு அவன் கால்ல இல்ல."

ரதாமெஸ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அப்போ எதை வச்சுடா கிழவா அளந்த?" என்றார் கொன்ராதோ.

வில்கின் தரையில் உட்கார்ந்து இரவல் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். "வில்கினை வச்சு" என்றபடி கில்தோ அவனிடம் போனார். வியர்வையில் நனைந்த தொலைபேசியைத் தம் சட்டையில் இரண்டு புறமும் துடைத்தார். குனிந்து, அதை இரண்டு கையாலும் அவன் காதோடு சேர்த்துப் பிடித்தார்.